உளுந்து வறுபடும் வாசனை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதக் காலையில், அனந்தபுரத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் நடந்தது இது. நான் திண்டிவனத்தில் குடியிருக்கிறேன். அப்பா அனந்தபுரம் பக்கத்துக் கிராமத்தில் இன்னும் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. மறுபடி காட்டுவதற்காக விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

நான் பிறவிப் படபடப்புக்காரி. பஸ் வருவதற்கு அரை மணி முன்பே போய் நின்று, வந்த பஸ்ஸையும் சந்தேகமாகப் பார்க்கிற ரகம். அன்றைக்கு டாக்டர் சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்று வேறு சொல்லியிருந்தார்கள். கேட்கவா வேண்டும்.

அப்பா கறுப்புக் கண்ணாடியும் தோளில் துண்டுமாக முன் சீட்டில் ஏறினார். பெல்ட் போடச் சொன்னேன்.

"இது இன்னாம்மா, மாட்டைக் கட்டுற மாரி. தோ இருக்குது விழுப்புரம். நீ போ" என்றார்.

ஒவ்வொரு முறையும் இதே பேச்சுதான். நேரமாகிறதே என்ற பதற்றத்தில் வாதாடாமல் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் சாலை முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடை சமயத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம். களத்தில் போட்டு அடிக்க ஆள் கிடைப்பதில்லை. வண்டிகள் ஏறி ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். சாலையில் போடக் கூடாது என்பது போடுகிறவர்களுக்கும் தெரியும், மேலே ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும். பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டு உளுந்தும் வருஷா வருஷம் அப்படித்தான் உதிர்ந்தது.

நான் ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் ஒதுங்கிப் போற? மேலயே ஏத்து. பாவம், வெய்யில்ல நின்னுக்கினு இருக்காங்க."

ஏற்றினேன். தாண்டியதும், "ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தபா ஏத்தும்மா, அவங்களுக்கு ஒரு வேலை மிச்சமாவும்" என்றார். முணுமுணுத்துக்கொண்டே அதையும் செய்தேன். சாலையோரம் நின்றிருந்த பெண்கள் சிரித்துக் கையாட்டினார்கள். சரியாகத் தெரியாத கண்ணோடு அப்பாவும் கையாட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. காருக்கு அடியில் என்னவோ சரசரவென்று உரசிக்கொண்டே வந்தது. போகப் போக விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஜன்னல் வழியாக உளுந்து வறுக்கிற வாசனை வந்தது. நல்ல வாசனை, பொய் சொல்லக் கூடாது. "யாரோ இட்லிப்பொடிக்கு வறுக்கிறாங்க" என்றார் அப்பா. வீடுகள் எல்லாம் பின்னால் போய், இரண்டு பக்கமும் வெறும் வயலாக ஆன பிறகும் அந்த வாசனை கூடவே வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் கவனம் முழுக்க டாக்டர் கிளம்பிவிடுவாரே என்பதில் இருந்தது.

எதிரே ஒருவர் பைக்கில் வந்தார். தூரத்திலேயே லைட்டை இரண்டு மூன்று முறை சிமிட்டினார். பக்கத்தில் வந்ததும் கையைக் கீழே காட்டிக் காட்டி ஆட்டினார். எங்கள் சாலைகளில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இதற்கு ஒரே அர்த்தம்தான். முன்னால் போலீஸ் நிற்கிறது, உஷார். நானும் கட்டை விரலை உயர்த்தி அவருக்கு நன்றி சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அப்பா, செக்கிங் நிக்குதாம். ஜல்தியா பெல்ட்டைப் போடுங்க."

அபராதம் என்றதும் அப்பா பெல்ட்டை இழுத்தார். கொக்கி எங்கே மாட்டுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பிடித்து அழுத்திவிட்டேன். அவருடைய துண்டின் முனையும் அதோடு உள்ளே போய்விட்டது. அதை நான் பார்க்கவில்லை.

அடுத்த வளைவில் போலீஸ் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் புகைதான் எழுந்தது. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து இறங்கிக் குனிந்து பார்த்தேன். அடியில் சுற்றிக்கொண்டு வந்த காய்ந்த செடி சைலன்சர் சூட்டில் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அப்பா பக்கம் ஓடிக் கதவைத் திறந்தேன். பெல்ட் கழலவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினேன், அழுத்தினேன், துண்டு மாட்டிக்கொண்டு அசையவே இல்லை. "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். காலுக்குக் கீழே தரை சுடுவது அவருக்குத் தெரிந்துவிட்டது. காலை மேலே தூக்கிக்கொண்டார். நான் போட்டுவிட்ட பெல்ட்டில் என் அப்பா எரியப்போகிறார் என்று நினைத்தேன்.

அந்த பைக்காரர் எங்கள் பின்னாலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். வந்தவர் வயலைப் பார்த்து, "யக்கா, கருக்கருவா எடுத்துக்கினு வா" என்று கத்தினார். உளுந்து அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அரிவாளோடு வரப்பில் ஓடி வந்தார். அப்பாவின் நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு கையைக் கொடுத்து, "ஆடாத உக்காருங்கண்ணே" என்று சொல்லிப் பெல்ட்டை அறுத்தார். நானும் பைக்காரரும் அப்பாவை இழுத்து வரப்பில் உட்கார வைத்தோம். அதற்குள் மற்றவர்கள் ஓடி வந்து மண்ணை வாரி வாரி அடியில் வீசினார்கள். நெருப்பு ஒருவழியாக அடங்கியது.

பைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கீழ நெருப்பு நெருப்புன்னு காட்டினு வர்றேன், நீங்க சூப்பருன்னு கை காட்டினு போறீங்களே" என்றார். அவர் சிரிக்கவில்லை. அவர் பாட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. டாக்டரை மறுநாள் பார்த்தோம். குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை.

அடுத்த வருஷ உளுந்தை அப்பா தார்ப்பாய் விரித்துக் கொல்லையிலேயே போட்டு டிராக்டர் விட்டார். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. அடுப்பில் உளுந்து வறுத்தால் நடுவில் போய் வாசலில் நிற்கிற காரைப் பார்த்துவிட்டு வருகிறேன். சாலையில் யார் கை காட்டினாலும் நிறுத்தி இறங்கிவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

அப்பா இனிமேல் பெல்ட்டைத் தொடவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். புது பெல்ட் போட்டு வண்டி வந்த அன்று அவர் முன் சீட்டில் ஏறினார், துண்டை எடுத்து மடியில் வைத்தார், பெல்ட்டை மாட்டினார். பிறகு பட்டனை அழுத்திக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு, "கழண்டு வருது. போலாம்மா" என்றார். இன்றுவரை ஒவ்வொரு பயணத்திலும் அப்படித்தான் செய்கிறார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அவர் இரண்டாவது முறை மாட்டுகிற அந்தச் சத்தம் கேட்காமல் நான் சாவியைத் திருப்புவதில்லை.