மூன்று நிமிடச் சாட்சி

செல்வகுமாரி மிஷனரிப் பள்ளியில் படிக்கப் போனது தென்கொரியாவுக்கு. ஒரு வருடம் அங்கே இருந்து அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது மூன்று நிமிடம் பேசுவதைத்தான். அந்த மூன்று நிமிடத்தில் பெற்ற அப்பாவைக் கொன்றுபோட்டாள் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும். ஆள் இன்னும் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். டீக்கடைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுப்பதில்லை.

அப்பா பெயர் சிங்காரவேலு. பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் கிராமம் ஒன்றில் மூன்று காணி நிலம், பாதி நெல், பாதி கரும்பு. ஒரே மகள் செல்வகுமாரி. பி.காம் முடித்துவிட்டு வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்த இளவரசி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாஸ்டர் சார்லஸின் ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனாள். தகரக் கூரை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ஆறு மாதத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

சிங்காரவேலு மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே வந்து, "உன் சாமி உனுக்கு, என் சாமி எனுக்கு. அதுக்குன்னு ரெண்டு பேரும் மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தா உங்கம்மா இன்னா பண்ணுவா?" என்றார். அவ்வளவுதான் சண்டை. ஆடித் திருவிழாவில் அவர் கொஞ்சம் குடிப்பார். குடித்தால் யாரையாவது பிடித்துவைத்துக்கொண்டு எம்.ஜி.ஆர். பாட்டுப் பாடுவார். பொண்டாட்டி தனக்கொடியை அடித்ததில்லை, மகளை அதட்டியதுகூட அபூர்வம்.

பெஞ்சல் புயலில் வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பு மட்டும் ஏறியபோது அந்த மனிதர் தலையில் ஒரு உரச் சாக்கை வைத்துக்கொண்டு முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். அதற்குள் நிலப் பத்திரம், ரேஷன் அட்டை, மகளுடைய பைபிள் மூன்றும் இருந்தன. பைபிளை எடுக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கொரியாவில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, சாப்பாடு தங்கும் இடம் எல்லாம் அவர்களே என்று மகள் வந்து சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அங்க அரிசிச் சோறு போடுவாங்களா?"

போட்டார்கள். ஆனால் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் சோறு. தொட்டுக்கொள்ளப் புளித்த முட்டைக்கோஸ், குடிக்கக் கடல்பாசி சூப். மலைச்சரிவில் ஐந்து மாடிக் கட்டடம், ஜன்னலுக்கு வெளியே பனி. நேபாளம், கென்யா, மங்கோலியா, மியான்மர் என்று முப்பது பேர் படித்தார்கள். விடியற்காலை நாலரைக்கு மணி அடித்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் பாஷையில் கத்தி ஜெபிப்பார்கள். பிறகு மாடிப்படி கழுவ வேண்டும், கக்கூஸ் தேய்க்க வேண்டும். தாழ்மை கற்றுக்கொள்வதற்காம். தாழ்மை கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் துடைப்பத்தைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. விரல் வெடித்து ரத்தம் கசிந்தபோதும் ஊருக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கன்பா" என்றுதான் சொல்வாள்.

கூடத்துச் சுவரில் பெரிய உலக வரைபடம் ஒன்று இருந்தது. சுவிசேஷம் போய்ச் சேராத ஜனங்கள் இருக்கும் இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி. வங்கக் கடலோரம் புதுச்சேரியை அவள் தேடிப் பார்த்தாள். அங்கேயும் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிக்குள் தன் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமைதோறும் சாட்சி வகுப்பு. அதை எடுத்தவர் பாக் அம்மா. பள்ளித் தலைவரின் மனைவி, ஐம்பது வயது, சிரித்த முகம், கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். இயேசு தன்னை மீட்ட கதையைச் சபைக்கு முன்னால் சொல்வதுதான் சாட்சி, மொத்தம் மூன்று நிமிடம். முதல் நிமிடம் இருட்டு, இரண்டாவது நிமிடம் இயேசுவைச் சந்தித்தது, மூன்றாவது நிமிடம் வெளிச்சம். வருடக் கடைசியில் பெரிய சபைகளில் அதைச் சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் ஒரு சபை அந்த மாணவரைத் தத்தெடுத்துக்கொண்டு ஊழியத்துக்கு அனுப்பும். தத்தெடுக்க ஆள் இல்லையென்றால் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். செல்வகுமாரிக்கு மறுபடியும் மாத்திரை அட்டை எண்ணிப் பில் போடுகிற வேலைக்குப் போக மனமில்லை. ஊழியக்காரி ஆகவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

முதல் வாரம் அவள் உரச் சாக்குக் கதையைச் சொன்னாள். பாக் அம்மா கடிகாரத்தை நிறுத்தினார்.

"நல்ல அப்பா. ஆனால் இதில் இருட்டு எங்கே? நீ எதிலிருந்து மீட்கப்பட்டாய்?"

அடுத்துப் பேசியவள் அறைத் தோழி சுஷ்மா, நேபாளத்துப் பெண். அண்ணன்மார் அவளை அடித்து வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தார்கள். புருவத்தில் தையல் போட்ட தழும்பு இருந்தது. வகுப்பே அழுதது. அன்று செல்வகுமாரிக்கு வந்தது பரிதாபம் இல்லை, பொறாமை. இதைப் பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள். அடிபட்டவளைப் பார்த்து நமக்கும் ஒரு அடி விழுந்திருக்கக்கூடாதா என்று ஏங்க வைக்கிற படிப்பை என்னவென்று சொல்வது?

அடுத்த வாரம் அப்பா மூன்று நாள் பேசாமல் இருந்ததைச் சொன்னாள். "ஏன் பேசவில்லை? கோபமா?" என்றார் பாக் அம்மா. ஆமாம், கோபம். "கோபம் வந்தால் என்ன செய்வார்? குடிப்பாரா?" குடிப்பார்தான், திருவிழாவில். திருவிழா என்ற சொல் மூன்றாவது வாரம் உதிர்ந்துபோனது. நாலாவது வாரம் அப்பா பைபிளைத் தூக்கி எறிந்தார். ஆறாவது வாரம் கொளுத்தினார். யாரும் அவள் வாயைப் பிடித்து இழுக்கவில்லை. பாக் அம்மா கேள்விதான் கேட்டார், இவள்தான் பதில் சொன்னாள். கொளுத்திய அன்று வகுப்பு அழுதது. சுஷ்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பார்த்தாயா, நீ மறந்திருந்ததைக் கர்த்தர் திறந்து காட்டினார்" என்றார் பாக் அம்மா.

டிசம்பரில் நகரத்துப் பெரிய சபை ஒன்றில் ஆயிரம் பேருக்கு முன்னால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள். குடித்துவிட்டு வந்த அப்பா தலைமுடியைப் பிடித்து இழுத்ததும், அடுப்பில் வேதம் எரிந்ததும், சாம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு இவள் ஜெபித்ததும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தன. வீடியோ எடுத்தார்கள். அந்தச் சபை அவளைத் தத்தெடுத்தது. எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஆவலோடு காத்திருந்தவளிடம் பாக் அம்மா வரைபடத்தில் குச்சியை வைத்துக் காட்டினார். புதுச்சேரிப் புள்ளி. பாகூர், வில்லியனூர் சுற்றுவட்டாரம்.

"உன் ஜனத்திடமே போ" என்றார்.

வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தாள். மாசி வெயிலில் அவர் அதைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வேர்வையோடு வந்தார். வீடியோவைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. அது கொரியாவில் இருக்கிறது, கொரிய பாஷையில் எழுத்து ஓடுகிறது, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

பங்குனியில் பாக் அம்மாவும் அவளைத் தத்தெடுத்த சபையின் மூப்பர்கள் நாலு பேரும் வந்தார்கள். வில்லியனூர் ஜெப வீட்டில் வரவேற்புக் கூட்டம் வைத்தார் பாஸ்டர் சார்லஸ். அவரே பழத்தட்டோடு வீட்டுக்குப் போய் சிங்காரவேலுவையும் தனக்கொடியையும் அழைத்திருந்தார். அன்று காலையில்தான் செல்வகுமாரிக்குத் திரை கட்டுவது கண்ணில் பட்டது.

"பாஸ்டர், அந்த வீடியோ வேணாமே."

"அவங்க ஆசையா கேக்கறாங்க சிஸ்டர். தமிழ்ல எழுத்து போட்டாச்சி. எத்தினி பேரு கர்த்தரால தொடப்படுவாங்க, பாருங்க."

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, "வெயிலா இருக்குது, நீங்க வராதீங்கம்மா" என்றாள். அவர்கள் ஏற்கெனவே பஸ்ஸில் ஏறியிருந்தார்கள்.

சிங்காரவேலு வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மகளைத் திரையில் பெரிதாகப் பார்த்ததும், "பாருடி, நம்ம பாப்பா" என்று தனக்கொடியின் கையைத் தட்டினார். பிறகு எழுத்து ஓட ஆரம்பித்தது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு வரியும் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தனக்கொடிக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா சொல்லுது? ஏன் அழுவுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த செல்வகுமாரிக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. பாக் அம்மா அவள் கையை இறுகப் பிடித்திருந்தார். அதைக் காரணமாக வைத்துக்கொண்டு அவள் எழவில்லை.

விளக்கு போட்டதும் பாக் அம்மா எதையோ கேட்டார். பாஸ்டர் சார்லஸ் முகம் மலர்ந்து மைக்கில் சொன்னார்.

"அந்தத் தகப்பனாரே இங்க வந்துருக்காரு! ஐயா, மேல வாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

சிங்காரவேலு மேலே போனார். மைக்கை வாங்கினார். மகளை ஒரு தடவை பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லட்டும், இத்தோடு ஒழியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றார் அவர். "நான்தான் கொளுத்தனேன். குடிச்சிருந்தேன். புத்தி இல்ல. எம் பொண்ணு சொன்னது எல்லாம் நெசம்தான்."

கூரை அதிர அல்லேலூயா என்றார்கள். பாக் அம்மா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதையும் வீடியோ எடுத்தார்கள்.

கூட்டம் முடியும்முன் அவர் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார். செல்வகுமாரி பின்னாலேயே ஓடினாள்.

"ஏம்பா அப்படி சொன்ன?"

"பின்ன இன்னா சொல்ல சொல்ற? வெளிநாட்டுக்காரங்க முன்னாடி எம் பொண்ணு பொய் சொல்றான்னு என் வாயால சொல்லவா?"

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வேணா சொல்லிக்க. நம்ம ஊர்ல மட்டும் சொல்லாதம்மா. உங்கம்மா அங்க தண்ணி புடிக்கப் போவணும்."

அவர் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றுதான். அந்த வாரமே ஊரில் பாதிப் பேர் போனில் இரண்டு வீடியோவும் வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன், "இன்னா மாமா, நெருப்புப்பெட்டி இருக்குதா?" என்று கேட்டானாம். அன்றோடு அவர் அங்கே போவதை நிறுத்திவிட்டார். தனக்கொடி மகளைத் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு மாதம் தாங்கிப் பார்த்தாள் செல்வகுமாரி. அதற்குமேல் முடியவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறு முடிந்து அடுத்த வாரம், ஜெப வீட்டில் யாரும் கேட்காமலே எழுந்து மைக்கைப் பிடித்தாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, நேரம் பார்க்கவும் இல்லை. அப்பா கொளுத்தவில்லை, அடிக்கவில்லை, நான் சொன்னது அத்தனையும் பொய், வெள்ளத்தில் என் பைபிளைத் தலையில் சுமந்து காப்பாற்றியவர் அவர் என்று சொன்னாள். கொரியாவுக்கும் எழுதிவிடப் போகிறேன், தத்து போனாலும் போகட்டும் என்றாள்.

பாஸ்டர் சார்லஸ் மெதுவாக வந்து மைக்கை வாங்கி அவள் தலைமேல் கை வைத்தார்.

"பாத்தீங்களா? தகப்பனே தன் வாயால ஒத்துக்கினாரு. ஆனாலும் அவர காட்டிக்குடுக்க மனசு வரல இந்த மகளுக்கு. இதுதான் மன்னிப்பு. இதுதான் அன்பு. எல்லாரும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க."

ஸ்தோத்திரம் என்றார்கள். முன்வரிசையில் இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.