ஆறுதல் நாற்காலி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் போயிற்று. இன்றுவரை எந்த 'ர', எந்த 'ற' என்று வரும்போது பேனா நின்று யோசிக்கிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம்தான், ஆனால் நேரில் நான் இதைவிட மோசம்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒருவர் பழைய நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். ஊறப்போட்ட பிரம்புக்கு ஒரு வாசனை உண்டு, மழையில் நனைந்த வைக்கோல் போல. அது மூக்கில் ஏறியதுமே சலோமி அக்கா வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன்.

அப்போது திருச்சி புத்தூரில் ஒரு சந்தில் குடியிருந்தேன். ஏழெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள். புதன்கிழமை சாயங்காலம் சலோமி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். அக்காவின் வீட்டுக்காரர் கோர்ட்டில் டவாலி போட்ட சேவகர். எங்கோ ஏலத்தில் எடுத்த பிரம்பு நாற்காலி ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. சந்துக்கே அது ஒன்றுதான். கூட்டத்தில் எல்லோருக்கும் பாய். கூட்டம் நடத்துகிற உபதேசியாருக்கும் பாய்தான். யார் வீட்டில் சாவு விழுந்ததோ அவருக்கு மட்டும் நாற்காலி. முதல் ஜெபம் அவருக்காக, முதல் டம்ளர் காப்பியும் அவருக்கே. இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு, ஒரு புதன்கிழமை அவராகவே பாய்க்கு வந்துவிடுவார். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள்.

நான் அதில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம்.

பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடையில் எனக்குப் புடவை மடிக்கிற வேலை. மற்றவர்கள் பேசிப் பேசிப் பிரித்துப் போடுவார்கள், நான் பேசாமல் மடித்து வைப்பேன். என் சுபாவத்தைப் பார்த்து ஆண்டவர் கொடுத்த வேலை. என் மனைவி எஸ்தர் எனக்கு நேர் எதிர். மார்க்கெட்டில் அவள் கத்தரிக்காய்க்காரியோடு மல்லுக்கு நிற்கும்போது நான் பத்தடி தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னங்க, மழை வருமா?" என்று அங்கிருந்தே கத்துவாள். கத்தரிக்காய்க்காரியும் சண்டையை மறந்து சிரிப்பாள்.

கல்யாணமான நாலாம் வருஷம் டைபாய்டு ஜுரத்தில் போய்விட்டாள்.

அதற்கடுத்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆண்டவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சந்துதான் என்னைச் சுமந்தது. முறை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு சோறு கொடுத்தார்கள். ஒரு புதன்கிழமை, எஸ்தர் சுதி விலகிப் பாடுகிற கீர்த்தனையை யாரோ சுதியோடு பாடினார்கள். நான் விக்கி விக்கி அழுதேன். உள்ளே கட்டியிருந்த எதுவோ அன்று உடைந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். விடிந்ததும் பசித்தது. கோபம் போயிருந்தது. ஆண்டவர் தொட்டார் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அதையே வாராவாரம் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்தேன். வாயில்லாப் பூச்சிக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் முளைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கண்ணீர் வரும். அந்த இடம் நெருங்கும்போதே அக்கா காப்பி ஆற்ற எழுந்துவிடுவாள்.

காப்பிக்காக அல்ல, நம்புங்கள். (காப்பி நன்றாகத்தான் இருக்கும்.) புண் ஆறிவிட்டது எனக்கே தெரியும். கடையில் சிரிக்கிறேன், ராத்திரி தூங்குகிறேன். பயமே அதுதான். வாரம் ஒரு தடவையாவது அழாவிட்டால் எஸ்தர் ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை விட்டு எழுந்தால் அவளை இரண்டாம் தடவை அடக்கம் பண்ணுவது போல. ஆறிய காலை வைத்துக்கொண்டு நடக்க மறுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உபதேசியார் பயந்த மனிதர். ஜாடையாகத்தான் பேசுவார். "பல்லு முளைச்ச பிறகும் பாலையே கேக்குற பிள்ளைகள் சபையில உண்டு" என்றார் ஒரு நாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவின் மடியில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்தேன்.

அக்கா நேராகவே வந்தாள். "தம்பி, அந்த நாற்காலி தொய்ஞ்சு போச்சு. உங்க உருவத்துக்கே குழி விழுந்துருக்கு."

"புதுப் பிரம்பு போட்டுடலாம்க்கா. செலவு என்னோடது."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தேவசகாயம் அண்ணன் வீட்டில் சாவு. அவர் ஜட்கா வண்டிக்காரர். ஜங்ஷனில் இறங்கும் யாத்திரைக்காரர்களை ஸ்ரீரங்கம் கொண்டுபோய் விடுவார். மனைவி எப்போதோ போய்விட்டாள். ஒரே மகள், அவளும் காலராவில் ஒரே பகலில் போய்விட்டாள். அடுத்த புதன்கிழமை அவர் வந்து வாசற்படியில் நின்றார். நான் நாற்காலியில் இருந்தேன்.

எழுந்தேன். எழுந்தது பெரிய காரியமில்லை; எங்கே உட்காருவது என்றுதான் தெரியவில்லை. பாயில் என் இடம் எப்போதோ தூர்ந்துபோயிருந்தது. அதற்குள் அண்ணன், "வேணாம், நீயே உக்காரு. எனக்கு ஆறுதலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று திரும்பி நடந்துவிட்டார்.

மறுநாள் அக்கா அண்ணனுக்கான சோற்றுத் தூக்கை என் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் பேச வராதேக்கா."

"வாராவாரம் வருதே!"

போனேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அண்ணே, எனக்கும் இப்படித்தான். எஸ்தர் போனப்ப..." என்று தொடங்கினேன்.

"தெரியும்ப்பா" என்றார் திரும்பாமலே. "அடுத்தது அந்தக் கீர்த்தனை வரும். அப்பறம் நீ அழுவ. சோத்த வச்சுட்டுப் போ."

வெளியே வந்தால் குதிரை என்னைப் பார்க்கிறது. அதன் பெயர் சுல்தான். வாங்கும்போதே அந்தப் பெயர்தான். ஞானஸ்நானம் யாரும் கொடுக்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது. எனக்குக் குதிரை என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். ஆனாலும் கொள்ளு ஊறப்போட்டு, கைக்கெட்டாத தூரத்தில் வைத்து, குச்சியால் தள்ளிவிட்டேன். சுல்தான் கொள்ளையும் தின்று, என் துண்டிலும் பாதியைத் தின்றது. அப்புறம் தினமும் கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நாற்காலி காலியாகவே இருந்தது; நான் வாசற்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். உபதேசியார் என்னை ஜெபிக்கச் சொன்னார். பழைய சாட்சிதான் வரப்போகிறது என்று அக்கா காப்பிக்கு எழுந்தாள். நான், "ஆண்டவரே, தேவசகாயம் அண்ணனப் பாத்துக்கங்க. அந்தக் குதிரை என்னைக் கடிக்காம பாத்துக்கங்க. ஆமென்" என்று முடித்துவிட்டேன். கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாம் குலுங்கினார்கள். அக்கா பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்தர் பெயரை எடுக்கவில்லை என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. நெஞ்சு திக்கென்றது. நடு வழியில் நின்று மனத்துக்குள் தேடினேன். கத்தரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கும் போய்விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சுல்தானைக் கொஞ்சம் நடக்க வைக்கலாம் என்று கடிவாளத்தை எடுத்தேன். எதை எதில் மாட்டுவது என்று தெரியவில்லை. குதிரை என்னை ஏற இறங்கப் பார்த்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அட அறிவு கெட்டவனே! அது வாயில போடுறது, காதுல இல்ல!"

தாடியும் அழுக்கு வேட்டியுமாக அண்ணன் வாசலில் நின்றார். என் கையிலிருந்து கடிவாளத்தைப் பிடுங்கி மாட்டினார். மாட்டியவர் சும்மா நிற்கவில்லை, வண்டியையும் பூட்டினார். "ஏறு" என்றார்.

ஜங்ஷனில் ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒருத்தர் ஏறிக்கொண்டார். காவேரிப் பாலத்தில் வண்டி ஓடிய ஓட்டத்தில் அவருக்குப் பாதி உயிர் போயிற்று. "மெதுவா ஓட்டுப்பா! பெருமாள் எங்கேயும் ஓடிட மாட்டார், படுத்துண்டுதான் இருக்கார்" என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறாகி, கடிவாளத்தை என் மடியில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்ற ஞானம் ஒன்றும் இல்லை. கீழே காவேரி, முன்னால் சுல்தான், பயத்தில் எனக்கு எந்தக் கீர்த்தனையும் ஞாபகம் வரவில்லை. அம்மாள் ஒன்றும் கேட்காமல், பூஜைக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து அவர் கையில் வைத்தார்.

அடுத்த புதன்கிழமை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பாயில் நகர்ந்து இடம் விட்டார்கள். முதல் காப்பியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அக்கா டம்ளரை என்னிடம் நீட்டினாள். இரண்டு மாதத்தில் அவர் பாய்க்கு வந்துவிட்டார். என்னைவிடக் கெட்டிக்காரர்.

யுத்த காலத்தில் அக்கா குடும்பம் தஞ்சாவூருக்குப் போயிற்று. உபதேசியாரை வேறு சபைக்கு மாற்றினார்கள். சுல்தான் செத்து, அண்ணனும் போய்ச் சேர்ந்தார். புதன்கிழமைக் கூட்டமும் நின்றுபோயிற்று. இந்த வருஷம் எஸ்தர் இறந்த நாள் கடந்து இரண்டு நாள் கழித்துத்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை பிள்ளையைப் பறிகொடுத்திருந்தார். அவரைக் கெஞ்சிக் கெஞ்சி இரண்டு கவளம் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ போய்விட்டன. அவள் இறந்த நாளை மறந்ததற்கு நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அந்தப் பயத்தையும் காணோம்.

எழுதி முடித்தது 1948, ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம்.