காப்புக் கட்டிய லோட்மாஸ்டர்

அண்ணன் பிச்சைமுத்து ஊருக்கு வந்தால், அவன் பெட்டியில் இருக்கும் அழுக்குத் துணியைத் துவைத்துப் போடுவது செவந்தியின் வேலை. வீட்டில் மற்றவர்கள் துணியெல்லாம் மிஷினில் போகும். இவன் சட்டைகளை மட்டும் குழாயடிக் கல்லில் விரித்து, ப்ரஷ்ஷால் தேய்த்தால்தான் ஆகும். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை, அதற்கடியில் மீன் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னதென்று சொல்லமுடியாத இரும்பு வாடை. ப்ளேனுக்குள்ளே கால் வைத்தறியாத செவந்திக்கு ப்ளேன் என்றால் இந்த வாடைதான்.

கொடியில் சட்டைகளைக் காயப்போட்டால் அவன் வேலை பார்த்த கம்பெனியின் கதையே காயும். பச்சைச் சட்டை, மர்வான் என்பவர் ஷார்ஜாவில் கம்பெனி தொடங்கிய காலத்தது. பழைய வண்டி உதிரிப் பாகம் விற்றவர் அவர். எங்கேயோ கழித்துப்போட்ட பாசஞ்சர் ப்ளேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டில் பெரிய கதவாக வெட்டி, சரக்கு ஏற்ற ஆரம்பித்தார். புதுக்கோட்டையில் டிப்ளமோ முடித்துவிட்டுப் போன பிச்சைமுத்து, அந்த ப்ளேனில் பெட்டி தூக்குகிற ஆளாகச் சேர்ந்தான். மாம்பழம் ஏற்றினார்கள், மீன் ஏற்றினார்கள், பக்ரீத்துக்கு ஆடு ஏற்றினார்கள். எந்தப் பெட்டியை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, எப்படி வலை போட்டு இறுக்குவது என்று கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, லோட்மாஸ்டர் ஆனான். சரக்கு சரியாக ஏறியிருக்கிறது என்று அவன் கையெழுத்துப் போட்டால்தான் பைலட் கிளம்புவார். சரக்கோடு அவனும் பறக்கவேண்டும்.

நீலச் சட்டை கொரோனா காலம். உலகமே முடங்கிக் கிடந்தபோது மர்வான் கம்பெனிக்கு மட்டும் மூச்சுவிட நேரமில்லை. மாஸ்க்கும் மருந்தும் ஏற்றி மாளவில்லை. வாடகைக்கு ப்ளேன் எடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் நீலப் பெயின்ட் அடித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மர்வான் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குள் ஒத்துப்போகவில்லை. வாடகை ப்ளேன்கள் திரும்பிப் போயின. சொந்த ப்ளேன்களில் ஒன்று வெயிலில் நின்றுகொண்டே இருக்க, அதன் சாமான்களைக் கழற்றிக் கழற்றி மற்றதற்குப் போட்டார்கள். கடைசியில் யாரோ வாங்கிப் பெயரையும் மாற்றினார்கள். அதுதான் சாம்பல் சட்டை. இப்போது உருப்படியாகப் பறப்பது ஒரே ஒரு ப்ளேன்.

இந்தக் கதையெல்லாம் செவந்திக்குத் தெரிந்ததற்குக் காரணம் விமானத்தின் மேல் உள்ள ஆசை அல்ல. ஒவ்வொரு முறையும் அண்ணன் ஏன் வரவில்லை என்று புகுந்த வீட்டுக்குப் பதில் சொல்லவேண்டியவள் அவள்தான்.

மகள் மதுமிதாவுக்கு இன்னும் காது குத்தவில்லை. குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில். செவந்திக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். முதல் வயதில் நாள் குறித்தபோது, அண்ணனின் ப்ளேன் ஆப்பிரிக்காவில் எந்த நாட்டு ஆகாயத்தையோ கடக்க அனுமதி கிடைக்காமல் நின்றது. மூன்றாம் வயதில் மெட்ராஸுக்கே வந்துவிட்டான், ஆக்ஸிஜன் மிஷின்களோடு. ஆனால் கொரோனா என்று கீழே இறங்க விடவில்லை. ப்ளேன் வாசலில் நின்று வீடியோவில் கையாட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போனான். ஐந்தாம் வயதில் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். கிடாயைக் கட்டிப்போட்டாயிற்று, பந்தக்கால் ஊன்றியாயிற்று. விசேஷத்துக்கு முதல்நாள் போன் வந்தது. சாப்பிட்ட கையைக் கழுவியவன் பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"பாசஞ்சர் ப்ளேன் ஆளு இருக்கோ இல்லையோ கெளம்பிரும் செவந்தி. எங்க ப்ளேன் அப்புடி இல்ல. சரக்கு வரணும், பெர்மிட் வரணும், பார்ட்ஸ் வரணும்" என்று வழியிலிருந்து விளக்கம் வேறு சொன்னான்.

அவள் வீட்டுக்காரர் திருப்பதி கீரனூரில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். "நானுந்தான் லோடு அடிக்கிறேன். காலையில வாரேன்னா காலையில போயி நிக்கிறேன்ல?" என்றார் அன்றைக்கு. பொல்லாத மனுஷர் இல்லை. ஆனால் கிடாய் வாங்கியவர் கேட்கத்தானே செய்வார்.

நாத்தனார் அமிர்தவல்லி அப்படி விடுகிறவள் இல்லை. விசேஷ வீடுகளில் நாலு பேர் நடுவில், "எங்க செவந்தியோட அண்ணன் ஆகாசத்துல லோடுமேனு" என்பாள். "லோட்மாஸ்டர் மதினி" என்று செவந்தி திருத்துவாள். "மாஸ்டரோ மேனோ, மடி இருக்கா இல்லையா? அதச் சொல்லு." சனம் சிரிக்கும். போன மாதம் வந்தவள் முடிவாகவே சொல்லிவிட்டாள்: "இந்த ஏழும் தாண்டிருச்சுன்னா ஒம்போது. அதுக்குள்ள புள்ள பெரிய மனுஷியாகி நிக்கும். வைகாசியில குத்திப்புடணும். ஒங்கண்ணன் வரலேன்னா, எங்க வீட்டுக்காரரு பங்காளி ஒருத்தர மாமன் மொறைக்கு ஒக்கார வைப்போம்."

அடுத்தவன் மடியில் தன் பிள்ளையா? செவந்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி பேசுகிறார்கள் என்று மதுமிதா ஒட்டுக்கம்மல் கேட்டு அழுததுகூட அவளை அவ்வளவு சுடவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வைகாசியில் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால், கையில் கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கமுடியாது. தேர் ஓடி, காப்பு அவிழ்க்கிறவரை அம்மனுக்குக் கட்டுப்பட்டவன். அதுவரை ஊருக்குள் யாரும் கல்யாணம் காதுகுத்து என்று வைக்கமாட்டார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும். கணக்குப் போட்டுத்தான் செய்தாள். வெள்ளிக்கிழமை தேர், அன்றே காப்பு அவிழ்ப்பு, ஞாயிறு காதுகுத்து. அதற்கப்புறம் எந்த ப்ளேன் கூப்பிட்டாலும் போய்க்கொள்ளட்டும்.

பூசாரியிடம் பால்குடத்துக்கு அண்ணன் பெயரைக் கொடுத்துவைத்தாள். அவன் வந்து இறங்கியதும், "ஆத்தா ஒன் பேர்ல வேண்டிக்கிட்டிருந்துச்சாம்ணே. சாகுறப்ப எங்கிட்டத்தான் சொன்னுச்சு" என்றாள். பிச்சைமுத்து மறுபேச்சுப் பேசவில்லை. குளித்துவிட்டு, வேட்டியோடு போய், மஞ்சள் கோத்த நூலைக் கையில் கட்டிக்கொண்டு வந்தான். அவன் மணிக்கட்டைப் பார்த்துச் செவந்திக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது.

புதன்கிழமை தேரை வெளியே இழுத்துச் சோதித்தார்கள். பின்பக்க அச்சு விரிசல் விட்டிருந்தது. புது அச்சுக்குத் திருச்சிப் பட்டறையில் சொல்லியிருக்கிறது, வர எப்படியும் பத்து நாளாகும் என்று கோயிலிலிருந்து மைக்கில் சொன்னார்கள். தேர் ஓடாமல் காப்பு அவிழ்க்கக் கூடாது. காப்பு அவிழாமல் காதுகுத்தும் கூடாது.

திருப்பதி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். "கேட்டீங்களா மச்சான்? நம்ம தேரும் ஒங்க ப்ளேன் மாதிரி பார்ட்ஸுக்கு நிக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. செவந்தி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. தான் கட்டிய கயிறு தன் காலையே சுற்றும் என்று எந்தக் கணக்கிலும் அவள் சேர்த்திருக்கவில்லை. அண்ணனின் லீவு அடுத்த புதனோடு முடிகிறது.

"நான் எக்ஸ்டென்ஷன் கேட்டுப் பாக்குறேன். நீ மொகத்த அப்புடி வச்சுக்காத" என்றான் பிச்சைமுத்து.

கேட்பதற்கு முன்னால் அங்கிருந்தே கூப்பிட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், சீர்த்தட்டெல்லாம் அடுக்கியிருந்த நடு அறையில் உட்கார்ந்து, அவன் மருமகளுக்குத் தட்டுகளை எப்படி அடுக்கினால் சாயாது என்று காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சூசைராஜ். ஷார்ஜா ஆபீசில் ப்ளேனை அனுப்பிவைக்கிற பொறுப்பில் இருக்கும் பக்கத்து ஆவூர்க்காரர். செவந்திக்கு அந்தப் பெயர் என்றாலே அண்ணன் பெட்டியைத் தூக்கப்போகிறான் என்று அர்த்தம். "ஸ்பீக்கர்ல போடுண்ணே, நானும் கேக்குறேன்" என்றாள்.

"பிச்ச, கோவிச்சுக்காதப்பா. ப்ளேன் கொழும்புல நிக்குது. டயாலிசிஸ் சாமானும் மருந்தும் பாதி ஏத்துனபடி கெடக்கு. நம்ம இன்னொரு லோட்மாஸ்டர், அந்த பிலிப்பைன்ஸ்காரன், நேத்து வேற கம்பெனிக்கு ஓடிட்டான். கையெழுத்துப் போட ஒன்னய விட்டா ஆளில்ல. திருச்சிலேருந்து நாளைக் காலையில கொழும்புக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"அண்ணே, நான் காப்புக் கட்டியிருக்கேன்."

"என்னது?"

"மாரியம்மனுக்குக் காப்பு. ஊர விட்டு வரக்கூடாது."

"நான் ஆவூர்ல பொறந்தவன். எனக்குத் தெரியும் காப்புன்னா என்னன்னு. புது மொதலாளிகிட்ட இத எந்த பாஷையில சொல்லச் சொல்ற? இந்த கான்ட்ராக்ட் போச்சுன்னா அந்த ஒத்த ப்ளேனும் வெயில்ல நிக்க வேண்டியதுதான். அப்புறம் நீ நிம்மதியா வருசம் பூராப் பால்குடம் தூக்கு." வைத்துவிட்டார்.

மதுமிதா தட்டை இறக்கி வைத்துவிட்டு மாமன் முகத்தையே பார்த்தாள். "நீ வெளிய போயி வெளையாடும்மா" என்று திருப்பதி அவளை வாசலுக்கு அனுப்பினார்.

பிச்சைமுத்து மணிக்கட்டு நூலைத் திருகிக்கொண்டே இருந்தான். "ஆத்தா வேண்டுதல் மட்டும் இல்லேன்னா யோசிச்சிருக்கவே மாட்டேன் மாப்ள. அது கடைசியா கேட்டது. எப்புடி அவுக்குறது?"

திருப்பதி மனைவியைப் பார்த்தார். அவருக்குப் பொய் ரொம்ப நேரம் வாயில் தங்காது. "அட, எந்த வேண்டுதலு மச்சான்? ஒங்க தங்கச்சி போட்ட திட்டமுல்ல அது. போன தடவ மாதிரி ஓடிறக் கூடாதுன்னு..."

சொல்லிமுடித்த பிறகுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. "வண்டியில டீசல் இருக்கான்னு பாக்குறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

"நெசமா?" என்றான் பிச்சைமுத்து.

"ஆமா." செவந்தி நிமிர்ந்துதான் சொன்னாள். "நெசந்தான். வேற எதச் சொன்னா நீ நிப்ப? எம்புள்ளைக்காகன்னு சொன்னேன், நின்னியா? கெடாயைக் கட்டிப்போட்டுட்டுப் போனவந்தான நீ?"

"செத்த ஆத்தா பேர்ல பொய் சொல்லுவியா?"

"ஒனக்கு ஆட்டுக்கு வல கட்டத் தெரியும், மிஷினுக்குப் பட்ட கட்டத் தெரியும். ஒன்னய எதுல கட்டுறதுன்னு எனக்குத் தெரியல. இருந்தத வச்சுக் கட்டுனேன்."

அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் திருப்பிப் போட அவளிடம் ஏழு வருஷத்துப் பேச்சு இருந்தது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"எனக்கு நாப்பத்தஞ்சு முடியப் போகுது. ரெண்டு பொண்ணு பாத்தீங்க. ஒண்ணு நிச்சயத்துக்கு நான் வரலேன்னு போச்சு, இன்னொண்ணு லோடுமேன்னு ஒன் நாத்தனா சொன்னதக் கேட்டுப் போச்சு. இருக்குறது இந்த வேல ஒண்ணுதான். அந்த ப்ளேனும் நின்னுபோச்சுன்னா, இந்த ஊர்ல வந்து எதுல கையெழுத்துப் போடுறது, சொல்லு."

"மாப்ளையோட குட்டியானையில ஏத்து."

"சிரிப்பு வரல செவந்தி."

"எனக்குந்தான் வரல."

வாசலில் அமிர்தவல்லியின் குரல் கேட்டது. தேர் சங்கதி தெரிந்து கீரனூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். "என்னடி மது, மாமன் இருக்காரா, பறந்துட்டாரா?" பிள்ளை என்ன சொன்னாளோ, கேட்கவில்லை.

செவந்தி இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவன் போனால், இன்னும் பத்து நாளில் தேர் ஓடும், எவனோ ஒருத்தன் சம்மணம் போட்டு உட்காருவான், அவன் மடியில் மதுமிதா காதைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இவன் இருந்தால், நாளைக்குக் கொழும்பில் ப்ளேன் நிற்கும், எங்கேயோ ஆஸ்பத்திரியில் எவரெவரோ காத்துக்கிடப்பார்கள், அப்புறம் கம்பெனி இருக்காது, இவனுக்குப் பச்சையுமில்லை நீலமுமில்லை சாம்பலுமில்லை. போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரு என்பதற்கும் எழவில்லை. இத்தனை நாளும் அவளுக்கு ஒரே கோபம்தான், அவன் தன்னைக் கேட்காமலே கிளம்பிவிடுகிறான் என்று.

பிச்சைமுத்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். கையை நீட்டினான். மஞ்சள் காய்ந்து சுருங்கியிருந்தது.

"ஆத்தாவும் கேக்கல, அம்மனும் கேக்கல. நீதான் கட்டுன. நீயே சொல்லு. அவுக்கவா, வேணாமா?"

அவள் அந்த நூலையே பார்த்தாள். சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ போய் அணைத்தார்கள்.

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு அவிழாத காப்போடு, சீர்த்தட்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி, அறையை விட்டு வெளியே போனான்.