எண்பதில் ஆடிய ஜீப்

எங்கள் ஜீப் ஆடியதற்கு அம்மா காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் சொந்தக்காரர் கல்யாணங்களில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, “உங்கம்மா வண்டி ஓட்டுனா ரோடே ஆடுமே” என்று சிரிக்கிறார். அப்படிச் சிரிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குவைத்தில் இருந்தார். அப்பாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கும் பொதுவான நிலத்தில் எங்கள் பங்கு விவசாயத்தை அம்மாதான் பார்த்தாள். அவள் லாரி ஓட்டியவரின் மகள், கல்யாணத்துக்கு முன்பே ஸ்டீரிங் பிடித்தவள். அப்பா ஒரு விடுமுறையில் வாங்கி நிறுத்திவிட்டுப் போன பழைய ஜீப்பை அவள் ஓட்ட ஆரம்பித்தபோது, பெரியப்பா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எட்டாம் நாள் வந்தார். அவருக்குத் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது.

எங்கள் வயல் வாய்க்கால் கரையோடு ஒரு மைல் உள்ளே கிடக்கிறது. ஐப்பசி மழையில் அந்தக் களிமண் சக்கரத்தைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். பெரியப்பாவின் டிராக்டர் வந்து இழுக்க வேண்டும். டிராக்டர் இழுப்பதைவிட அவர் பேசும் பேச்சு கூடுதலாக இழுக்கும். அதனால்தான் அந்த வருடம் சம்பா நடவுக்கு முன்னால் அம்மா தஞ்சாவூரில் நாலு புது டயர் போட்டாள். சேற்றிலும் ஓடும், தார் ரோட்டிலும் ஓடும் என்று விற்கிறார்களே, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்தது, அந்த டயர்.

எங்கள் குடும்பத்தில் மிக்ஸி வந்தாலும் மோட்டார் வந்தாலும் மூத்த ஆண்பிள்ளைதான் சந்தனம் வைக்க வேண்டும். அது பெரியப்பாவின் இலாகா. மறுநாள் காலை சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சக்கரத்துக்குச் சக்கரம் சோப்புப் போட்டுக் கழுவினார். ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சதுரத் துண்டுகளைப் பேனாக்கத்தியால் நெம்பி நெம்பி எடுத்தார்.

“கடைக்காரப் பய என்னத்தையோ ஒட்டி வச்சு அசிங்கம் பண்ணியிருக்கான் பாரு. துடைச்சுக்கூடக் குடுக்கத் தெரியல.”

துடைத்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் லட்சணமாக உட்கார்ந்தன. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை ஏற்றினாள் அம்மா. மூன்று பழம் நசுங்கியது. நாலாவது நழுவி உருண்டு ஓடிவிட்டது. பெரியம்மா உச்சுக் கொட்டினாள்.

அந்த வாரமே ஒரு வளைகாப்புக்காக எல்லோரும் தஞ்சாவூர் கிளம்பினோம். செங்கிப்பட்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நாலுவழிச் சாலையில் ஏறி முள் எழுபதைத் தாண்டியதும் ஸ்டீரிங் நடுங்க ஆரம்பித்தது. எண்பதில் அம்மாவின் வளையல்கள் தாமாகவே குலுங்கின. பெரியம்மா மடியிலிருந்த சீர்த்தட்டு ‘கிடுகிடு’ என்றது. பெரியப்பா கத்தினார்.

“நிறுத்தும்மா! ஸ்டீரிங்க இப்படி இறுக்கிப் பிடிச்சா ஆடாம என்ன செய்யும்? பொம்பள கைக்கு ஹைவே தாங்காது.”

அதே கை ஒரு வாரம் முன்னால் பழைய டயரில் அதே ரோட்டில் தொண்ணூறில் ஓட்டியது. நான் அதைச் சொன்னேன். “பெரியவங்க பேசும்போது வாய மூடு” என்றார். மூடினேன். அன்றைக்கு மட்டும்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நசுங்காத எலுமிச்சம்பழம்தான் என்றாள் பெரியம்மா. முரட்டு டயர் போட்டால் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார் ஊர் மெக்கானிக். பெரியப்பா குவைத்துக்குப் போன் போட்டார். அண்ணன் சொல்லை அப்பா எப்போது தட்டினார்? “குடும்பத்தையே ஏத்திட்டுப் போறவ, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? அண்ணன் சொல்றமாதிரி வண்டியக் குடுத்துடலாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து புரோக்கர் வருவதாக ஏற்பாடு. அன்று திங்கட்கிழமை.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. “ஆறு நாள் இருக்குல்ல” என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை. நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், ஒரு பழைய நோட்டோடு.

செவ்வாய்க்கிழமை காற்றைப் பார்த்தாள். கடையில் கல்லு மாதிரி ஏற்றியிருந்தார்கள், குறைத்தாள். எண்பதில் ஆடியது. புதன்கிழமை சக்கர நட்டு ஒவ்வொன்றையும் ஸ்பேனர்மேல் ஏறி நின்று முறுக்கினாள். ஆடியது. பம்புசெட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்து கிடந்த களிமண்ணைக் கழுவினாள். ஒரு கூடை மண் வந்தது, ஆனாலும் ஆடியது. எழுபதில் தொடக்கம், எண்பத்தைந்தில் உச்சம், நூறை நெருங்கினால் கொஞ்சம் தணிவு என்று நான் நோட்டில் எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு, “என் கையின்னா எல்லா வேகத்துலயும்ல ஆடணும்” என்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை வாசலிலேயே ஜாக்கி வைத்து, முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் தெருவில் சக்கரம் உருட்டுவதைப் பார்க்க, வேலை வெட்டி இல்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் அவர்களை முறைத்துக்கொண்டு காவல் நின்றேன். அன்று ரோட்டில் ஸ்டீரிங் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. பதிலுக்குச் சீட்டு இடுப்புக்குக் கீழே உதறியது. அம்மா வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

“சக்கரத்த மாத்துனா ஆட்டமும் கூடவே மாறுது பாரு. கோளாறு சக்கரத்துல இருக்குடி. என்கிட்ட இல்ல.”

வெள்ளிக்கிழமை டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி மிஷினில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம்மைத் தடவிப் பார்த்தார்.

“இங்க ஈயம் ஒட்டியிருந்தோமே, எங்கக்கா அது?”

“எந்த ஈயம்?”

“டயர் எல்லாப் பக்கமும் ஒரே கனம் இருக்காதுக்கா. எங்க லேசா இருக்கோ அங்க ஈயம் வச்சுச் சரிக்கட்டுவோம். இந்த மாதிரி கட்டை டயருக்கு நிறையவே வைக்கணும். மெல்லப் போனா ஒண்ணும் தெரியாது. வேகம் எடுத்தா அடிக்கும். நாலுலயும் யாரோ பேத்து எடுத்திருக்காங்க.”

காய்ந்த சந்தனத்துக்கு அடியில் சதுரம் சதுரமாகப் பசைத் தழும்பு தெரிந்தது. எனக்குப் பேனாக்கத்தி ஞாபகம் வந்துவிட்டது. கடை என்றும் பார்க்காமல், “அம்மா! பெரியப்பாதான்!” என்று குதித்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். புது ஈயம் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும்போது வண்டி தொண்ணூறில் வெண்ணெயாக ஓடியது. பூதலூர் தாண்டியதும் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம நீ வாயத் திறக்கக் கூடாது.”

“ஏன்? அவங்கதானே செஞ்சாங்க?”

“எனக்கு வண்டி வேணும்.”

இது என்ன பதில் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வந்தார். விற்பதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டுகிறேன் என்று அம்மா சொன்னாள். பெரியப்பா முன்னால், புரோக்கரும் நானும் பின்னால். நாலுவழிச் சாலையில் முள் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. ஒரு சிறு நடுக்கம்கூட இல்லை. பெரியப்பா டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் சந்தோஷம்தான்.

“நல்லாத்தானேம்மா ஓடுது. என்ன செஞ்ச?”

“கடையில பேலன்ஸ் பாத்தாங்க மாமா. சரியாயிடுச்சு.” பெரியப்பாவை அம்மா மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“அதான் பாரு. புது டயருன்னா பழகணும். உனக்கு அந்தப் பக்குவம் தெரியல, கையில ஆடியிருக்கு. இப்ப கை பழகிடுச்சு.”

“ஆமாம் மாமா.”

“அப்ப எதுக்கு விக்கிறது? தம்பிக்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்று புரோக்கர் பக்கம் திரும்பினார்.

அந்த ‘ஆமாம் மாமா’ என் காதில் ஈயமாகவே இறங்கியது. நாலு நாள் வெயிலில் நின்று, தெருச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, சக்கரம் உருட்டிக் கண்டுபிடித்தவள் ஆமாம் என்கிறாளே! என்னால் பொறுக்க முடியவில்லை.

“கையும் இல்ல காலும் இல்ல. பூசைக்கு நீங்க பேத்து எறிஞ்சீங்களே, அந்த ஈயம் இல்லாமதான் ஆடுச்சு. ரிம்முல தழும்பு இருக்கு, எறங்கிப் பாருங்க பெரியப்பா!”

புரோக்கர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவின் பிடரி சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“பெரியப்பாகிட்ட மன்னிப்புக் கேளு.”

“மாட்டேன்.”

“கேளுடி.”

“பொய்யா சொன்னேன்? மாட்டேன்.”

அவள் குரல் மூன்றாம் முறை கெஞ்சியது. கெஞ்சியதால் எனக்குப் பிடிவாதம் இன்னும் ஏறியது. நேர்ப்பார்வை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா புரோக்கரிடம், “வாங்குற பார்ட்டி இருந்தா வரச்சொல்லுங்க” என்றார்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போனது. “பொம்பளப் புள்ளைய வண்டியில ஏத்தி ஏத்தி வாயப் பெருக்கி வச்சிருக்கா” என்று பெரியப்பா சொன்னது எங்கள் கூடம்வரை கேட்டது. அடுத்த வாரம் ஜீப் போய்விட்டது. அந்தச் சம்பா முழுக்க அம்மா டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு மூட்டை யூரியாவை வயலுக்குக் கொண்டுபோகப் பெரியப்பாவின் டிராக்டர் எப்போது ஒழியும் என்று அவர் வாசலில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வாய்க்கால் கரையில் முழங்கால் சேற்றில் நடந்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

நானோ ஜெயித்துவிட்ட மிதப்பில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை, வேறென்ன வேண்டும்? பெரியப்பாவிடம் கேட்காதது சரிதான். இன்றைக்கு அதே வண்டியில் உட்கார வைத்தாலும் கேட்க மாட்டேன். ஆனால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு ‘ஆமாம் மாமா’வால் ஜீப் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது என்பதும், கிடைத்ததைப் பிடுங்கிக் கொடுத்தவள் நான்தான் என்பதும், நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது எனக்கு முன்சீட்டில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.