நூல் உள்ளே வந்த நாள்

சகுந்தலா டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் தறிக்குழியில் இருந்தேன். பக்கத்தில் என் மகள் தேவகி. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலை நான் நெய்வேன், ஒரு பக்கக் கரைக்கு அவள் ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தேவகியின் கை நின்றது. "டீச்சர் பூட்டாங்களாம்பா," என்றாள். "இழையப் பாரு, அறுந்துடப் போவுது," என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் வாயில் வேறு என்ன வரும்?

இரங்கல் கூட்டத்தில் படிக்க நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். அவரைப் புகழ நம் தெருவில் ஆள் நிறைய. நான் எழுதுவது வேறு. அவருடைய பள்ளியிலிருந்து முதன்முதலில் பிள்ளையை நிறுத்தியவன் நான். அதை விட்டுவிட்டு எதை எழுதினாலும் பொய்.

தெள்ளார் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். தொண்ணூறுகளில் நம் தெருக்கோடியில் இருந்த பழைய நெல் கிடங்கைப் பெருக்கி, மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். சிலேட்டு கிடையாது, பிரம்பு கிடையாது. "அஞ்சு வயசு வரைக்கும் கையும் காதும் படிக்கட்டும்ங்க, கண்ணு அப்புறம் படிக்கும்," என்பார். தினம் ஒரு வீட்டார் முறைவைத்து வந்து பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வந்தவாசி பஸ் கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்து நிறம் சொல்லிக்கொடுத்தார். பூக்காரம்மா மல்லிகை மொட்டை எண்ணவைத்தார். மண்பாண்டக்காரர் களிமண்ணைக் கொட்டி, பிள்ளைகளோடு தானும் குழந்தையாகிவிட்டார். எதை முடிவு செய்வதென்றாலும் பெற்றவர்களைக் கூட்டிக் கை தூக்கச் சொல்வார் டீச்சர். "பள்ளிக்கூடம் உங்களுது. நான் சாவி வச்சிருக்கிறவ, அவ்ளோதான்," என்பார்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் தடை. நூல் உள்ளே வரக் கூடாது. பட்டு நெய்கிற ஆரணியில் இருந்துகொண்டு! என் முறை வந்த அன்று கழிவுப் பட்டு நூல் ஒரு கைப்பிடி எடுத்துப் போனேன். வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த கூட்டத்தில் எழுந்து கத்தினேன்.

"மண்ணு வருது, பூ வருது, பஸ் டிக்கெட்டு வருது. எங்க தொழில் மட்டும் தீட்டா?"

"தீட்டு இல்லீங்க. நூல் உள்ள வந்தா புள்ளைங்க வெளிய பூடும்."

"அதெப்பிடி பூடும்? கை தூக்கச் சொல்லுங்க, பாத்துடலாம்."

சொன்னார். நான் முதலில் தூக்கினேன். தெருவே தூக்கியது. டீச்சர் கொஞ்ச நேரம் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க," என்றார். நினைத்திருந்தால் முடியாது என்றிருக்கலாம், சாவி அவரிடம்தானே இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

நூல் உள்ளே வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அரக்கு தனி, மாம்பழ மஞ்சள் தனி, மயில்கழுத்து தனி என்று பிரித்தார்கள். அறுந்த இழையை முடிய நான் கற்றுக்கொடுத்தேன். தேவகிக்கு அப்போது ஐந்துகூட முடியவில்லை. என் கண்ணுக்கே தெரியாத இழையை எச்சில் தொட்டு முடிந்துவிட்டு, "பாருப்பா," என்பாள். தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். மூன்று மாதத்தில் என் மனைவி பிரசவத்துக்குப் படுத்தாள். கரைக்கு ஆள் இல்லை. விரல்தான் பழகிவிட்டதே என்று பிள்ளையைத் தூக்கித் தறியில் உட்காரவைத்தேன். "ரெண்டே மாசம் டீச்சர்," என்றேன். என்னைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டில் அப்படியே செய்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். இரண்டு மாதம் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

டீச்சர் சண்டைக்கு வரவில்லை. வியாழக்கிழமை தோறும் வந்து தறிக்குழி ஓரம் உட்கார்ந்து தேவகிக்குக் கதை சொல்வார். சரியான இடத்தில் நிறுத்திவிடுவார்.

"அப்புறம் டீச்சர்?"

"அடுத்த வியாழக்கிழமை. நடுவுல பள்ளிக்கூடத்துக்கு வந்தின்னா அங்கியே சொல்றேன்."

பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். நான் நாடாவைப் பார்ப்பேன். ஒரு நாள் பொறுக்காமல், "வேலை கெடுது டீச்சர், ஒரே பேஜாரா கீது," என்று எரிந்து விழுந்தேன். அடுத்த வியாழனும் வந்தார். வராமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு டை கட்டுகிற நர்சரிப் பள்ளிகளின் வேன் நம் தெருவுக்குள் வந்தது. அன்று கை தூக்கியவர்களில் வசதி வந்தவர்கள் பிள்ளைகளை அதில் ஏற்றினார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, ஒவ்வொருவராக நழுவினோம். கிடங்கு பூட்டப்பட்டது. சர்க்கரை நோயில் டீச்சருக்கு ஒரு கால் போனது. வியாழக்கிழமைகள் நின்றன.

அவர் அறைக்கு ஒரே ஒரு தடவை போனேன். கட்டிலில் சாய்ந்தபடி, "தேவகி தன் பேர எழுதுவாளா?" என்று கேட்டார்.

"எழுதுவா டீச்சர்."

"பொய் சொல்றப்ப உங்க பொண்ணும் இப்பிடித்தான், தரையப் பாப்பா." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னிக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்ங்க. பள்ளிக்கூடம் உங்களுதுன்னு சொல்லிகினே இருந்தேன். அது புள்ளைங்களுது."

தப்பு என்னுடையது டீச்சர், உங்களுடையது இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "உடம்பப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பாவி நான். அந்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் அவர் போயிருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தேவகி வந்து நின்றாள். "இன்னாப்பா எழுதிகினு கீற? படிச்சிக் காட்டு." அம்மாவின் பிரசவத்தால் படிப்பு நின்றது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் நான் கத்தியதோ, கை தூக்கியதோ தெரியாது. படித்தேன். கை தூக்கிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். தரையைப் பார்த்தேன்.

"அப்புறம்?" என்றாள்.

டீச்சர் என்னிடம் விட்டுப்போனது ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: தரையைப் பார்த்துக்கொண்டு உண்மை சொல்ல முடியாது. அவர் இருந்தவரை நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. தலையை நிமிர்த்தி மிச்சத்தையும் படித்தேன்.

தேவகி அழவில்லை, திட்டவும் இல்லை. தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எம் பேரு எங்கப்பா கீது?"

விரல் வைத்துக் காட்டினேன்.