இதே சம்பளம் அங்கேயும் கிடைக்கிறதாம்

இன்று செவிலிமேடு டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு ஜார்க்கண்ட் பெண். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. தமிழ் நன்றாகவே பேசினாள்.

"உங்க ஊர்ல வேலையே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குது அக்கா. இதே சம்பளம்தான். ஆனா அங்க வேலை முடிஞ்சா அண்ணன் கம்பெனி கேட்டுலயே நின்னுக்கினு இருப்பான், கூட்டினு போக. இங்க லீவு நாள்ல எங்க போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

இன்றைக்கு எங்கே போகிறாய் என்று கேட்க வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டேன்.

முன் சீட்டில் இருந்த ஐம்பது வயது அம்மா திரும்பினார். "உங்க கம்பெனில என் வயசுல எடுப்பாங்களா கண்ணு?"

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

ஊரை விட்டு வந்தவர்களே, நீங்களும் சம்பளத்துக்காகத்தான் வந்தோம் என்றா சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?