கல்லுக்கு நிழல் இல்லாத நாள்

என்னைப் பெண் கேட்டவர் சிடாம் கிரிப் பக்கம் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். சுங்கைப் பட்டாணியில் மோட்டார் பட்டறை நடத்திய அவரோ, "வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கிறவரு குடும்பத்த எங்க பாப்பாரு?" என்று இழுத்தடித்தார். எனக்கு வாத்தியாரை ரொம்பப் பிடித்திருந்தது.

அவருக்கு ஜெராய் மலையடியில் உள்ள பழைய கற்கோயில்மேல் பைத்தியம். கூரையெல்லாம் போய், கருங்கல் அடித்தளமும் அதன் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கல்லும் மட்டும் நிற்கும் இடம் அது. நம் ஊரில் உச்சி வெயில் சில மாதம் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. பக்கம் மாறும் நாளில் உச்சிப் பொழுதில் கல்லுக்கு நிழலே இருக்காது. அதை வைத்தே அந்தக் காலத்தில் பருவம் அறிந்திருப்பார்கள் என்பது அவர் கட்சி. "ஏப்ரல்ல காட்டுறேன், வாங்க" என்றார்.

"நிழல் போச்சுன்னா எனக்குச் சம்மதம்" என்றார் அண்ணன். நல்ல நியாயம்! கல்யாணம் எனக்கு, பரீட்சை கல்லுக்கு.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கோயில் பூசை முடிந்து மூவரும் அண்ணன் காரில் போனோம். மணி பன்னிரண்டு ஆயிற்று. கல்லுக்கு மேற்கே ஒரு சாண் நிழல் அப்படியே கிடந்தது. வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது.

"கவர்மெண்டுல நாட்டுக் கடிகாரத்தையே அரை மணி முன்னுக்குத் தள்ளி வச்சிருக்காங்க லா. அரை மணி பொறுங்க."

பன்னிரண்டரைக்கும் நிழல் இருந்தது. முதல் நாளே வந்து பார்த்திருக்கக் கூடாதா இந்த மனிதர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும் லா சார், பசிக்குது" என்று அண்ணன் எழுந்தார். ஆனால் நிழல் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் பார்த்துவிட்டேன். அண்ணன் கல்மேல் வைத்திருந்த கார் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அண்ணன் புல்லெல்லாம் தேடினார், காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். பாவம், வாத்தியாரும் கூடவே தேடினார்.

ஒன்றேகால் தாண்டியதும் நிழல் அடியோடு போய்விட்டது. நாலு பக்கமும் வெயில். நான் கத்திய கத்தலில் வாத்தியார் ஓடி வந்து கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார்; கண் கலங்கியிருந்தது. நம் ஊர் உச்சிப் பொழுதுக்கும் கடிகாரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அண்ணன் கல்லைப் பார்க்கவே இல்லை. என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடும்மா."

"தெரியுமாண்ணே?"

"நீ எடுக்கிறப்பவே பாத்தேன், சும்மாதான் தேடினேன். இந்த ஆளுக்காக என்னையே வெயில்ல தேட விடத் துணிஞ்சிட்டே. இதுக்கு மேல கல்லுகிட்ட கேக்க என்ன இருக்கு?"